குதிரை தெரியும், குதிரைக்காரரைத் தெரியுமா?

ஃபார்முலா ஒன் பாக்குறவங்களுக்கு ஃபெராரியோட குதிரையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மஞ்சள் பின்னணியில, முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு நிக்குமே கறுப்பா ஒண்ணு, அதேதான். நானும் ரொம்ப நாளா அது வேகத்துக்கான சின்னம்னுதான் நினைச்சிட்டிருந்தேன். இல்லையாம். அது ஒரு அம்மா கொடுத்தது.

அந்த அம்மாவோட மகன் பிரான்செஸ்கோ பராக்கா. இத்தாலியில லூகோங்கிற ஊர்ல 1888-ல் பிறந்தவர். முதல்ல குதிரைப்படை அதிகாரி. 1912-ல் பிரான்சுக்குப் போய் விமானம் ஓட்டக் கத்துக்கிட்டார். முதல் உலகப்போர் நடுவுல, 1916 ஏப்ரல் 7 அன்னிக்கு ஒரு ஆஸ்திரிய விமானத்தை வீழ்த்தினார். வான்சண்டையில இத்தாலிக்குக் கிடைச்ச முதல் வெற்றி அது. அப்புறம் கணக்கு ஏறி ஏறி 34-ல் நின்னுது. அந்தப் போர்ல அவரைத் தாண்டின இத்தாலிய விமானி யாருமில்லை. நாட்டின் மிகப் பெரிய வீர விருதான தங்கப் பதக்கமும் கிடைச்சுது. பழைய குதிரைப்படை நினைவா விமானத்துல அந்தக் குதிரையை வரைஞ்சு வெச்சிருந்தார்.

இந்த மாதிரி ஆட்களை 'வானத்து மாவீரர்கள்'னு புகழ்றது வழக்கம். எனக்கு இங்கதான் இடிக்குது. 34-ன்னு சொன்னா ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இருக்கு. ஒவ்வொரு விமானத்துலயும் ஒருத்தரோ ரெண்டு பேரோ உட்கார்ந்திருந்தாங்களே?

சரி, அவர் முடிவாவது காவியம் மாதிரி இருந்துதா? அதுவும் இல்லை. 1918 ஜூன் 19, மொன்தெல்லோ குன்றுப் பகுதி. தாழப் பறந்து பதுங்குகுழிகளைச் சுட்டுக்கிட்டிருந்தப்போ விழுந்தார். சுட்டது கீழே இருந்த சிப்பாயா, எதிரி விமானமா? இன்னிக்கு வரைக்கும் விவாதம் ஓயலை. சில நாள் கழிச்சுத்தான் எரிஞ்ச விமானமும் உடலும் கிடைச்சுது. வயசு 30.

1936-ல், முசோலினி ஆட்சியில, லூகோவுல விமான இறக்கை வடிவத்துல பெரிய நினைவுச்சின்னம் எழுப்பினாங்க. செத்த வீரனை வெச்சு அடுத்த போருக்கு ஆள் தயார் பண்றது அரசாங்கங்களுக்குக் கைவந்த கலை!

அதுக்கு முன்னாடியே, 1923-ல், ராவென்னா பக்கத்துல ஒரு பந்தயத்துல ஜெயிச்ச என்ஸோ ஃபெராரிக்கு பராக்காவோட பெத்தவங்க அறிமுகமானாங்க. மகனோட குதிரையைக் கார்ல போட்டுக்கோங்க, அதிர்ஷ்டம் வரும்னு அந்த அம்மா சொன்னதா ஃபெராரியே சொல்லியிருக்கார். மோடெனா நகரத்து மஞ்சளை அவர் பின்னணியா சேர்த்துக்கிட்டார்.

அதிர்ஷ்டமா? அந்தக் குதிரையோட பறந்த பிள்ளைதானே எரிஞ்சு போனான்? அது அந்த அம்மாவுக்குத் தெரியாதா என்ன. மகன் நின்னுட்டான், குதிரையாவது ஓடட்டும்னு நினைச்சிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது. பதக்கம், இறக்கைச் சின்னம் எல்லாத்தையும் விட எனக்கு மனசுல நிக்கிறது அந்த ஒரு ஆசைதான்.

உங்களுக்கு எப்படித் தோணுதுன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே.