ஸ்டெப்னியின் வயது

நம் பேச்சில் சில சொற்கள் பிறந்த ஊரை மறந்துவிட்டு நம்மோடு தங்கிவிடுகின்றன. 'ஸ்டெப்னி' அத்தகைய சொல். மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில் மாற்றுச் சக்கரம் என்பதே கிடையாது. டயரில் ஆணி ஏறினால் தெருவோரத்தில் அமர்ந்து அதைப் பிரித்து ஒட்ட வேண்டும். 1904ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் டேவிஸ் உடன்பிறந்தார் இதற்கு வழி கண்டனர். காற்றடைத்த டயரோடு கூடிய ஆரமில்லா வளையமொன்றைச் செய்து, பழுதான சக்கரத்தின்மேல் பொருத்திக்கொள்ளுமாறு விற்றனர். அவர்கள் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அந்தத் தெருப் பெயர் கடல் கடந்து வந்து, இன்று வலியசாலையில் தமிழர் வாயிலும் மலையாளிகள் வாயிலும் ஒன்றுபோல் வழங்குகிறது.

"ஸ்டெப்னி இருக்கா?" என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். "ஸ்டெப்னி எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர் எத்தனை பேர்? இந்த இரண்டாவது கேள்வியை நம் மன்றத்து நண்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு மார்கழியில் ஓர் இரவு, பதினொரு மணிக்கு நாகர்கோவிலிலிருந்து தொலைபேசி வந்தது. வடசேரியில் ஆச்சிக்கு மூச்சுத் திணறல். அப்பா கடைக் கணக்கை அப்படியே மூடி வைத்துவிட்டுக் காரை எடுத்தார். அம்மாவும் நானும் ஏறிக்கொண்டோம். வலியசாலையிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பாறசாலையில் பின் டயரில் ஆணி ஏறியது. அலைபேசி வெளிச்சத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை மாட்டினோம். அதன் பட்டைகள் வெட்டு விழாமல் கூர்மையாக இருந்தன. அப்பாவுக்குப் பெருமை. "பாத்தியா மக்கா, ஒரு தடவைகூட ரோட்டைத் தொடல. புத்தம் புதுசு" என்றார். காற்று மட்டும் குறைவாக இருந்தது. அருகிலிருந்த பெட்ரோல் நிலையத்தில் அடித்துக்கொண்டு புறப்பட்டோம்.

களியக்காவிளை தாண்டிக் குழித்துறைப் பாலத்தை நெருங்கும்போது அது வெடித்தது. பக்கச்சுவர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அதனால் நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். அந்த வேளையில் வேறு வண்டி கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வடசேரி வீட்டை அடைந்தபோது ஆச்சி போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. "மவன் வந்தானா?" என்று இரண்டு முறை கேட்டாராம்.

மறுவாரம் அந்த டயரைத் திருப்பிப் பார்த்தேன். பக்கச்சுவரில் 1811 என்று நான்கு எண்கள் பொறித்திருந்தன. 2011ஆம் ஆண்டின் 18ஆம் வாரத்தில் செய்தது என்பது அதன் பொருள். பதின்மூன்று வயது. அதற்கு இரண்டாண்டு முன்புதான் அப்பா கீழேயிருந்த நான்கு டயர்களையும் மாற்றினார். ஐந்தாவதைத் தொடவில்லை. 'புதிதாகத்தானே இருக்கிறது' என்று எண்ணினார். வேதியியல் படிக்கும் நானும் அருகில் நின்று தலையாட்டினேன். ரப்பரின் ஆக்சிஜனேற்றத்தைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அப்பா அந்த டயரைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. ஆதலால் நான் பேசுகிறேன்.

ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் கலந்து சூடாக்கிச் சங்கிலிகளுக்கிடையே பாலம் போட்டார். அதனால் ரப்பருக்கு உறுதி வந்தது. ஆயினும் இயற்கை ரப்பரிலும், டயருக்குப் பயன்படும் செயற்கை ரப்பர்களிலும் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உள்ளன. ஆக்சிஜனும் ஓசோனும் அவற்றைத் தாக்குகின்றன. சங்கிலிகள் அறுபடும், தேவையற்ற பாலங்கள் பெருகும், ரப்பர் விறைத்து வெடிப்பு விடும். வெப்பம் ஏற ஏற இந்த வினை விரைவுபெறும். நம் ஊர் வெயிலில் நிற்கும் காரின் மூடிய டிக்கி எத்தகைய அடுப்பு என்று சொல்ல வேண்டுவதில்லை.

'ஓடாத டயர் எப்படிக் கெடும்?' என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, டயருக்குள் அழுத்தி அடைத்த காற்றிலும் ஆக்சிஜன் இருக்கிறது; அது உள்ளிருந்தே ரப்பருக்குள் ஊடுருவிக்கொண்டிருக்கும். இரண்டாவது, ஓசோனைத் தடுக்க டயரில் மெழுகும் காப்பு வேதிப்பொருள்களும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து காக்கின்றன. படுத்தே கிடக்கும் டயருக்கு அந்தக் காப்பும் குறைவு. எனவே பட்டையின் ஆழம் தேய்மானத்தைச் சொல்லும்; வயதைச் சொல்லாது.

2013இல் அமெரிக்க நடிகர் பால் வாக்கர் கார் விபத்தில் இறந்ததை நம்மில் பலர் அறிவோம். வேகமே காரணம் என்று கண்ட விசாரணையாளர், அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை என்பதையும் குறித்தனர். நம் நாட்டு மோட்டார் வாகன விதி, கார் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டை ஆழம் வேண்டும் என்கிறது. வயதைப் பார்ப்பது நம் பொறுப்பு. ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டானால் பட்டை எப்படியிருந்தாலும் ஸ்டெப்னி உட்படக் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் செய்வோர் கூறும் அறிவுரை. ஆறு ஆண்டே எல்லை என்னும் கார் நிறுவனங்களும் உண்டு.

'நான்கு வாங்கவே பணமில்லை, ஐந்துக்கு எங்கே போவது?' என்று நடுத்தரக் குடும்பத்தார் கேட்பது நியாயமே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டயர் 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று கொள்வோம். நான்கை மட்டும் ஓட்டினால் 40,000 கிலோமீட்டரில் நான்கும் தீரும். ஐந்தாவது வீணே முதுமை அடையும். ஐந்தையும் முறைவைத்து மாற்றி ஓட்டினால் 50,000 கிலோமீட்டர் ஓடலாம். பின்னர் ஐந்து வாங்கினாலும் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு டயர் என்ற அதே செலவுதான். முன்பு டிக்கியில் மக்கிய டயரின் விலை மிச்சம். ஐந்தும் ஒரே அளவாகவும் ஒரே வகையாகவும் இருந்தால் இம்முறை பொருந்தும். சிறிய தற்காலிக ஸ்டெப்னிக்கு இது பொருந்தாது. அதை 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது. குறைவாக ஓடும் காருக்குத் தேய்மானத்தைவிட வயதே முந்திக்கொள்ளும் என்பதையும் மறவாதீர்.

இன்னும் சில சொல்வேன். மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்கும்போது ஐந்தாவதையும் பாருங்கள். இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள். மழையில் பின்புறம் வழுக்கினால் வண்டியை மீட்பது கடினம். கடையில் வாங்கும்போதே நான்கு எண்களைப் படியுங்கள். 2020ஆம் ஆண்டு விதித்திருத்தத்தின்படி, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உள்ள சிறு வண்டிகளுக்கு ஸ்டெப்னி தேவையில்லை. அதில் குறை காண மாட்டேன். ஸ்டெப்னி இல்லை என்று தெரிந்தவன் அதற்கேற்ப நடப்பான். இருக்கிறது என்று நம்பி ஏமாந்தவனே நடுவழியில் நிற்பான்.

நம் மன்றம் ஆண்டுதோறும் வேன் அமர்த்திச் சுற்றுலா செல்கிறது. வாடகையைப் பேசுகிறோம், பாட்டுப் பெட்டி உண்டா என்று விசாரிக்கிறோம். இனி முன்பணம் கொடுக்குமுன் மன்றத் தோழர் ஒருவர் குனிந்து, ஸ்டெப்னி உட்பட எல்லாச் சக்கரங்களின் எண்களையும் படித்து எழுதிக்கொள்ளட்டும். ஐந்து நிமிட வேலை. வண்டிக்காரர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

கோட்டயத்தில் ரப்பர் வாரியமும், விளவங்கோட்டில் ரப்பர்த் தோட்டங்களும் கொண்ட நிலத்துக்கு நடுவே வாழும் நாம், அந்த ரப்பருக்கும் முதுமை உண்டு என்பதை அறியாதிருப்பது அழகன்று. இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் டிக்கியைத் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாரேனும் எங்கோ காத்திருக்கும் இரவு வரும். அன்று அந்தச் சக்கரம் உங்களைக் கொண்டு சேர்க்க வேண்டும்.