பாட்டுக் குழுவுக்குத் தலைவன் எதற்கு?



மியூசிக் கிளப் லீடர் என்றால் நன்றாகப் பாடுகிறவன் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். என் தாழ்மையான கருத்து வேறு. குழுவுக்குள் யார் வரலாம், எந்த வாத்தியம் வரலாம் என்பதில் நியாயம் பார்ப்பவன்தான் தலைவன். குரல் வளம் எல்லாம் அப்புறம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? காரிமங்கலம் பக்கத்தில் பத்தாவது படித்தபோது ஒரு வருஷம் பள்ளி இசைக் குழுவுக்குத் தலைவனாக இருந்தேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. "மொதல்ல பாஸ் பண்ணுடா, அப்புறம் பாடு" என்பது அம்மாவின் கட்டளை.

2022-23 கல்வியாண்டில் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள். போட்டி வந்துவிட்டது, எங்களுக்குப் பாட்டு வாத்தியார்தான் இல்லை! அதனால் குழுவை நடத்துவது மாணவர் பொறுப்பானது. சாயங்காலம் மணி அடித்ததிலிருந்து டவுன் பஸ் வரும்வரை பயிற்சி.

முதல் சண்டையே தாளத்துக்குத்தான் வந்தது. எங்கள் பக்கம் தப்பட்டை இல்லாமல் ஊர்த் திருவிழா ஏது? ஆனால், "சாவு மேளத்த ஸ்கூலுக்குள்ள கொண்டாரதா?" என்றான் ஒருவன். "அவங்கதான் நல்லா அடிப்பாங்க, அவனே அடிக்கட்டும்" என்று காலனிப் பையன் ஒருவனைக் கை காட்டினான் இன்னொருவன். அந்தப் பையனோ, "எங்கப்பாவே இத உட்டுட்டாரு, நான் எதுக்குத் தொடணும்?" என்று கேட்டான்.

நண்பர்களே, மூன்று பேரில் நியாயம் அவன் பக்கம்தான். பறையை ஒரு சாதியின் தோளில் மாட்டி, "அடி, ஆனால் தள்ளி நில்" என்றது ஊர். அதனால்தான் பல ஊர்களில் "இனி அடிக்க மாட்டோம்" என்று மறுத்தார்கள். அது மானத்தின் குரல்.

அப்படியென்றால் வாத்தியத்தையே வெளியே நிறுத்திவிடலாமா? கூடாது. நாங்கள் ஒரு விதி வைத்தோம். மைக் பிடிக்க ஆசைப்படுகிறவன் முதலில் குச்சி பிடிக்கக் கற்க வேண்டும். அந்தப் பையனுக்குப் பாடத்தான் ஆசை, பாடினான். ஊர்ப் பையன்கள் அடித்தார்கள். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் "சாவு மேளம்" என்ற பேச்சு எங்கள் குழுவில் அதன்பிறகு எழவில்லை.

நாம் டெக்னிக்கல் மாணவர்கள் அல்லவா? அடிப்பதற்கு முன் பறையை நெருப்பில் காட்டுவது ஏன் தெரியுமா? ஈரம் வாங்கிய தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகும். சூட்டில் ஈரம் போனால் தோல் இறுகும், அதிர்வெண் கூடும், ஒலி கணீரென்று வரும். இழுவிசைக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள உறவை நாம் பிசிக்ஸில் படிக்கிறோம். நம் ஊர்க் கலைஞர்கள் அதைக் கையிலேயே வைத்திருந்தார்கள்! மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். டெல்லி மதித்த வாத்தியத்துக்கு நம் கேட்டில் இடமில்லையா?

இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். பாரதியார் பாடல்களைப் பலர் சேர்ந்து, பல குரல்களில் பாடும்படி அமைத்தார். தனி ஒருவரின் கச்சேரி இல்லை அது. எல்லோரும் சேர்ந்தால்தான் பாட்டு.

இங்கே நடப்பது என்ன? ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் முன்னால் செலக்‌ஷன் வைக்கிறோம். நாலு பேர் மேடையில், மீதிப் பேர் கீழே விசிலடிக்க! ஆகவே நம் யூனியனுக்கு என் கோரிக்கைகள் மூன்று. வருஷம் முழுக்க நடக்கும் இசைக் குழு வேண்டும். அதில் சேரக் குரல் தேர்வு கூடாது. கீபோர்டுக்குப் பக்கத்திலேயே பறையும் பம்பையும் இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எதையும் எடுக்கலாம். ஒவ்வொரு செமஸ்டருக்கும் தலைவர் மாற வேண்டும்.

"தொழில் படிக்க வந்த எடத்துல பாட்டு எதுக்குடா?" என்று கேட்பவர்களும் உண்டு. நாளைக்கு ஓசூரிலோ ஒரகடத்திலோ நாம் எல்லோரும் ஒரே லைனில் நிற்கப் போகிறவர்கள். யாருக்கு எந்த வேலை என்பதைப் பிறப்பைப் பார்த்துப் பிரிக்காமல் இருக்க இங்கேயே பழக வேண்டாமா?

யூனியன் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசட்டும். பெயர் கொடுக்க நான் தயார், நீங்கள்?