பிரதியில்லா நாடகத்துக்குப் பிரியாவிடை

நாடகக் குழு கலைந்தால் நாடகப் பிரதியாவது மிஞ்சும். அமெரிக்கக் கல்லூரிகளில் பிரதியே இல்லாமல் நடிக்கும் நகைச்சுவைக் குழுக்கள் பல உண்டு. பார்வையாளர் ஒரு சொல் தருவர். அதைக்கொண்டு அங்கேயே காட்சி பிறக்கும், அங்கேயே மறையும். இறுதியாண்டு மாணவர் பட்டம் பெற்றுப் பிரியும்போது கையில் ஏடு ஒன்றும் இராது. "படிக்க வேண்டிய காலத்தைச் சிரித்தே கழித்தார்களே!" என்று குறை கூறுவாரும் உண்டு. நாம் அதை ஒப்புக்கொள்ளோம்.

சிகாகோ நகரில் வயோலா ஸ்போலின் அம்மையார், குடியேறிய மக்களின் குழந்தைகளுக்கென வகுத்த விளையாட்டுகளே இக்கலைக்கு வித்து. அவர் மகன் பால் சில்ஸ், 1955-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அருகே 'காம்பஸ் பிளேயர்ஸ்' குழுவையும், 1959-இல் 'செகண்ட் சிட்டி' அரங்கையும் தொடங்கியவர்களுள் ஒருவர்.

இவ்வாட்டத்தின் முதல் விதி எளிது: தோழி சொன்னதை மறுக்காதே, ஏற்று, மேலும் ஒன்று சேர். "இது கப்பல்" என்று ஒருத்தி சொன்னால், "இல்லை, நாற்காலி" என்றதும் காட்சி மடிந்துவிடும். "ஆமாம், அடியில் ஓட்டை விழுந்திருக்கிறதே!" என்றால் அரங்கமே அதிரும். கைதட்டல் தனக்கே வேண்டும் என்பவருக்கு இங்கு இடமில்லை.

எனவே பிரிவோர் வெறுங்கையோடு போகவில்லை. பிறர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கத்தைக் கொண்டு செல்கின்றனர். அதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் அதற்குத்தானே பஞ்சம்? அன்புத் தோழியரே, பெற்றோரே, அத்தகையோருக்குக் கண்ணீரோடு அன்று, கைதட்டலோடு விடைகொடுப்பதே முறை. மேடையை இளையோருக்கு விட்டு விலகுவதும் அவர்கள் கற்ற ஆட்டத்தின் பகுதியே!