முதலில் வரும் வினை

லீவ் லெட்டர் எழுதவே பேனாவைக் கடிக்கிற ஆசாமி நான். என்னிடம் வந்து, “இங்கிலீஷ்ல இன்வர்ஷன்னா என்ன சார்?” என்று கேட்டார் பக்கத்து சீட் இளைஞர். ஏதோ பரீட்சையாம்.

சொற்களின் வரிசையைப் புரட்டிப் போடுவது. ‘ஐ ஹேவ் நெவர் சீன்’ என்பதை ‘நெவர் ஹேவ் ஐ சீன்’ என்றால் ஓர் அழுத்தம். மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ (1667) முதல் வாக்கியத்தில், ‘பாடு’ என்கிற வினைக்காக ஆறாவது வரி வரை காத்திருக்க வேண்டும். கவிஞர்கள் மட்டுமா? பஸ் ஸ்டாப்பில் நிற்கிற சாதாரண வெள்ளைக்காரரும் ‘ஹியர் கம்ஸ் த பஸ்’ என்றுதான் சொல்வார்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. ‘இல்முன்’ புரண்டு ‘முன்றில்’ ஆனது. ‘கண்கடை’ புரண்டுதான் உங்களைப் பாடாய்ப்படுத்தும் ‘கடைக்கண்’. செய்யுளில் சொற்களை எப்படிக் கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்கு நன்னூல் எட்டு வழி சொல்கிறது.

ஆனால், எனக்கு இது உறைத்தது மரக்காணத்தில். பாண்டிச்சேரி போகிற வழியில், ஈ.சி.ஆர். அருகே பாத்தி பாத்தியாக விரியுமே, அந்த உப்பளம். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இந்தப் பக்கம்தான் என்று சொல்வார்கள்.

ஒரு கோடை மதியம். தொழிலாளி ஒருவர் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். “உப்புத் தண்ணிய பாத்தில கட்டுவோம் சார். வெயில்ல தண்ணி சுண்டும். உப்பு வெளையும். பலகையால வாருவோம்.” ஒவ்வொரு வாக்கியத்திலும் வினை கடைசியில். சுத்தமான தமிழ் இலக்கணம்.

சட்டென்று கிழக்கே கறுத்தது. வரப்பில் நின்ற அம்மாள் கத்தினார்:

“வருது மழை! மூடு குவியல! எடு தார்ப்பாய!”

எல்லா வினையும் முன்னால் ஓடி வந்துவிட்டது!

இருபதே நிமிஷ மழை. பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து, காய்ச்சி வைத்த தண்ணீரும் நீர்த்துவிட்டது. இனி முதலிலிருந்து. பாத்தி காய்கிற வரை வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. அவர் தலைத்துண்டைப் பிழிந்தபடி, “போச்சு சார் இந்த வாரம்” என்றார். ‘போச்சு’தான் முதலில்.

“இதை எக்ஸாம்ல எப்படி சார் எழுதறது?” என்றார் இளைஞர்.

“எது தலைக்கு மேலே நிற்குதோ, அது வாக்கியத்திலும் முன்னால வந்து நிற்கும்னு எழுதுங்க. சந்தேகமிருந்தா அஞ்சாம் தேதி பர்ஸைத் திறந்து, என்ன சொல்றீங்கன்னு கேளுங்க.”

யோசித்துச் சிரித்தார்.

“தீர்ந்துச்சு சம்பளம்!”