பாவமில்லா விண்கலமா?



1966-இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரை உங்கள் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள். அது காட்டும் எதிர்காலப் பூமியில் வறுமையில்லை, போரில்லை. மனிதன் தன் முயற்சியினாலேயே சீர்பட்டுவிட்டானாம். அங்கே மனந்திரும்புதலுக்கு வேலையில்லை, சிலுவைக்கும் வேலையில்லை. பாபேலில் செங்கல் அறுத்தவர்களும் இப்படித்தான் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

பசியற்ற உலகை விரும்பியதற்காக அதைப் படைத்த ஜீன் ராடன்பெரியை நான் பழிக்கவில்லை. அவ்வாசையில் நம்மில் பலர் அவருக்குப் பின்தங்கியவர்களே. பாவத்தை வெறும் அறியாமை என்று எண்ணினாரே, அதைத்தான் மறுக்கிறேன். 1987-இல் வந்த அடுத்த தொடரில், கப்பலின் முதன்மைக் குழுவினரிடையே பிணக்கே கூடாதென்று அவர் விதித்தார். எழுத்தாளர்கள் திணறினார்கள். பிணக்கற்ற மனிதரைப் படைக்க அமர்ந்த அந்த அறையிலேயே பிணக்கு முற்றி, முதலாண்டிலேயே சிலர் விலகிச் சென்றார்கள்.