இளமையின் கீதமும் முதுமையின் செபமும்



திருப்பாடல் 71 ஒரு முதியவரின் செபம். அவருடைய தலை நரைத்துவிட்டது. உடல் வலு குன்றுகிறது. இறைவன் இவரைக் கைவிட்டுவிட்டார் என்று பகைவர் பேசிக்கொள்கின்றனர். இந்நிலையிலே அவர் தம் இளமையை நினைவுகூருகின்றார். சிறு வயது முதல் தமக்குக் கற்பித்து வந்தவர் இறைவனே என்று சொல்லி, முதுமையில் தம்மைத் தள்ளிவிட வேண்டாமென மன்றாடுகின்றார். அந்த மன்றாட்டு முடியுமுன்னே அவருடைய கை யாழைத் தேடுகின்றது. நடுங்கும் கை மீட்டிய யாழ் எத்தகைய நாதத்தைத் தந்திருக்குமோ, நாமறியோம். அடுத்து வரும் தலைமுறைக்கு இறைவனின் ஆற்றலை அறிவிக்கும்வரை தம்மைக் கைவிடலாகாது என்பதே அவருடைய விண்ணப்பத்தின் உயிர்நாடி.

இந்த முதியவரின் குரலைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் நாம் கேட்டிருக்கின்றோம். தவக்கால இரவுகளில், அந்தப் பழைய இராகத்தை இழுத்து இழுத்து 'வியாகுல பிரசங்கம்' வாசிக்கும் பாட்டிமாரின் குரல் அது. அநேகமாக அவர்களுக்குப் புத்தகம் தேவைப்படுவதில்லை. பத்து வயதில் தாயின் மடியருகே இருந்து கேட்டது எழுபதிலும் எண்பதிலும் அப்படியே வருகின்றது. அன்று அந்த அழுகை அவர்களுக்குப் பிறருடைய அழுகையாக இருந்தது. கணவனைக் கடலுக்குக் கொடுத்த பின்னர், அல்லது மகனைப் புதைத்த பின்னர், மரியன்னையின் வியாகுலத்தை அதே சொற்களில் பாடும்போது அது வேறு பாட்டாகிவிடுகின்றது. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பாடுகின்றவர் அதன் ஆழத்திற்கு இறங்கி வந்து சேர்ந்திருக்கின்றார்.

இந்நூலைத் தந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1676இல் கோவாவின் திவார் தீவில் பிறந்தவர். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லாதிருந்த காலத்திலே, புனித யோசேப் வாஸ் அடிகளாருக்குத் துணையாக 1705இல் இலங்கைக்கு வந்தார். குருவானவர் ஒரு கிராமத்திற்கு எப்போது வருவார் என்று எவராலும் சொல்ல முடியாத நாட்கள் அவை. அவர் வராத மாதங்களில் விசுவாசத்தைக் காத்துக் கொடுத்தவர்கள் மூப்பரும் அண்ணாவிமாரும். அவர்களின் கையிலிருந்தவை செபமும் பாட்டும். அடிகளார் இதனை நன்குணர்ந்தே எழுதினார் என்று எண்ணத் தோன்றுகின்றது. வாசிக்கத் தெரியாதவரின் நெஞ்சிலும் தங்கக்கூடிய ஏடு பாட்டு ஒன்றுதானே! இங்கே 37 ஆண்டுகள் உழைத்து, 1742ஆம் ஆண்டு ஜூலை 17ஆந் திகதி, இம்மாவட்டத்தின் போலவத்தையிலே தமது 66ஆவது வயதில் அவர் இறையடி சேர்ந்தார்.

அவர் தமிழில் மாத்திரம் எழுதவில்லை. சிங்களத்தில் 'தேசனா நவய' என்னும் ஒன்பது பிரசங்கங்களைத் தந்தவரும் அவரே. சிங்கள மக்கள் தவக்காலத்தில் பாடும் பசன் மரபும் அவருடைய பெயரோடு பிணைந்தது. இக்கரையோரத்தைப் பொறுத்தவரை இச்செய்தி வெறும் இலக்கிய வரலாறு அன்று. நீர்கொழும்பு முதல் சிலாபத்திற்கு அப்பால்வரை ஒரு காலத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, 20ஆம் நூற்றாண்டில் சிங்களத்திற்கு மாறின. பாடசாலைகளின் போதனாமொழி மாறியது; பிள்ளைகளின் மொழி மாறியது; ஆலயத்தின் மொழியும் மாறியது. ஆகவே, பாட்டி தமிழில் பாட, பேத்தி சிங்களத்தில் பாடும் வீடுகள் இங்கு உண்டாயின. பாட்டியின் செபத்தில் பாதி பேத்திக்கு விளங்குவதில்லை. இவ்விழப்பைச் சிறிதென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஒரு தாய் தன் கண்ணீரின் சொற்களைத் தன் சந்ததிக்குக் கொடுக்க முடியாமற் போவது பெருந்துயரம். ஆனால், ஒரே வீட்டின் இரு மொழிப் புலம்பலும் போலவத்தையிலே மரித்த ஒரே குருவானவரின் பணியிலிருந்து வந்தவை என்பதை அவ்விருவருக்கும் யாராவது சொல்லியிருக்கின்றார்களா?

மொழி மாறாத பங்குகளிலும் வேறொரு பிரிவு உண்டு. புதிய பாடகர் குழாம், மின்னிசைக் கருவி, கிட்டார், வேகமான தாளம். பின்வரிசையில் வாய் திறவாமல் நிற்கும் முதியோர். இன்று எண்பதைக் கடந்தவர்கள் சிறு வயதில் இலத்தீனில் பாடியவர்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிக்கும் மக்களின் இசை மரபுக்கும் வழி திறந்தபோது, தமிழ்ப் பாடலுக்கு எழுந்து நின்ற இளைஞரும் அவர்களே. அன்று அவர்களின் பாட்டனார் முகஞ்சுளித்திருக்கக்கூடும். இதை முதியோர் மறக்கலாகாது. அவர்களும் ஒருநாள் பாடியவர்கள் என்பதை இளையோர் மறக்கலாகாது. எஸ்ரா நூலின் மூன்றாம் அதிகாரத்தில் புதிய கோவிலுக்கு அத்திபாரமிடும்போது எக்காளமும் கைத்தாளமும் ஒலிக்கின்றன. பழைய கோவிலைக் கண்டிருந்த முதியோர் உரத்து அழுகின்றனர். மற்றவர்கள் மகிழ்ந்து ஆர்ப்பரிக்கின்றனர். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று எவராலும் பிரித்தறிய இயலவில்லை. அந்த அழுகையை அடக்கும்படி அங்கு யாரும் கட்டளையிட்டதாகத் திருநூல் கூறவில்லை.

செவியே மங்கிப் போனவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். எண்பது வயதுப் பர்சில்லாயை எருசலேம் அரண்மனைக்கு வரும்படி தாவீது அழைத்தபோது, பாடகர் பாடகியரின் குரல் இனித் தமக்குக் கேட்குமா என்று கேட்டு அவர் மறுத்துவிட்டார். ஆனால், அவ்வழைப்பை வீணாக்கவில்லை; தமக்குப் பதிலாகக் கிம்காமை அரசனோடு அனுப்பி வைத்தார். அவர் கேட்க முடியாத இசையை ஓர் இளைஞன் கேட்கட்டுமே!

ஆகவே, பிள்ளைகளே, உங்கள் வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், வருகின்ற தவக்காலத்திற்குக் காத்திராமல் அவர்களருகே சென்று அமருங்கள். பழைய பாட்டொன்றைப் பாடச் சொல்லி உங்கள் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். விளங்காத சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். பிள்ளைகளின் பெயரையே மறந்துபோன முதியவர்கள்கூட, முதலடியை எவராவது எடுத்துக் கொடுத்தால் மீதியைப் பாடி முடிப்பதை நோயாளரைச் சந்திக்கும் குருக்களும் கன்னியரும் அறிவர். அந்த முதலடியை எடுத்துக் கொடுக்க, நீங்கள் அதைக் கற்றிருக்க வேண்டும்.