வினாவும் பிழைபடலாம்

தேர்வுத்தாளில் அச்சேறிவிட்ட வினா பிழையற்றது; விடை மாறுபடுமாயின் தவறு மாணவனுடையதே. இவ்வாறு ஒரு நம்பிக்கை நம் இல்லங்களில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. வினாவைத் தயாரிப்பவரும் மனிதரே. அவர் எண்ணிப் பாராத வழியொன்றை ஒரு சிறுவன் எண்ணிப் பார்த்துவிடக் கூடும்.

சிந்தனைத் திறனைச் சோதிக்கும் வினாக்களில் நம் பிள்ளைகள் நன்கறிந்த ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். ‘ரப்பர், செம்பனை, தென்னை, வாழை: இவற்றுள் பொருந்தாததைக் குறிப்பிடுக.’ வினா எழுதியவர் வாழையை எண்ணியிருப்பார். வாழையின் தண்டு மரக்கட்டை அன்று. இலைமடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி நிற்பதே அது. ஏனைய மூன்றையும் மரம் என்கிறோம். நல்ல விடைதான். ஆனால், தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி ‘ரப்பர்’ என்று எழுதினால் அது தவறாகுமா? செம்பனை, தென்னை, வாழை மூன்றும் ஒருவித்திலைத் தாவரங்கள். ரப்பர் மட்டுமே இருவித்திலைத் தாவரம். இச்சொற்களை அவள் படித்திராவிட்டாலும், நான்கனுள் கிளை பரப்பி நிற்பது ரப்பர் ஒன்றே என்பதைக் கண்டிருப்பாள். மற்ற மூன்றையும் கனிக்காக வளர்க்கிறோம், ரப்பரைப் பாலுக்காக வளர்க்கிறோம் என்பதையும் அறிந்திருப்பாள். வாழைக்கு ஒரு காரணம் உண்டு. ரப்பருக்கோ இரண்டு, மூன்று உண்டு. ஆயினும் சிவப்பு மையால் கோடிடப்படுவது அவளுடைய விடையே. இங்குக் குறை வினாவில் உள்ளது. எந்த வகையில் பொருந்தாதது என்று அது கூறவே இல்லை. ‘2, 4, 8, அடுத்த எண் யாது?’ என்னும் வினாவும் இத்தகையதே. இருமடங்காக்கினால் 16, முதலில் 2, பிறகு 4, பிறகு 6 எனக் கூட்டிச் சென்றால் 14.

பெரிய தேர்வுகளில் இவ்வாறு நேராது என்று சிலர் கூறுவர். 1982ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் பல்கலைக்கழகம் புகவிரும்பும் மாணவர் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு வினா வந்தது. சிறிய வட்டம் ஒன்றின் ஆரம் பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறியது பெரியதன் விளிம்பைச் சுற்றி உருண்டு, புறப்பட்ட இடத்தை அடையும்போது எத்தனை முறை சுழன்றிருக்கும்? தயாரித்தோர் சரியெனக் கொண்ட விடை 3. உண்மை விடை 4. தாளில் கொடுக்கப்பட்டிருந்த ஐந்து விடைகளுள் 4 இடம்பெறவே இல்லை! ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் எழுதிய அத்தேர்வில், பிழையைச் சுட்டிக்காட்டி எழுதியோர் மாணவர் மூவரே. பின்னர் அவ்வினா மதிப்பெண் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே, இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு 20 சென் நாணயங்களை மேசைமீது வையுங்கள். ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதை அதன் விளிம்பில் வழுக்காமல் உருட்டுங்கள். ஒருமுறைதான் சுழலும் என்று தோன்றும், இருமுறை சுழலும். நேர்க்கோட்டில் உருளும் சுற்றோடு, வளைந்து சுற்றி வருவதால் மேலும் ஒரு சுற்று சேர்கிறது.

இவ்வாறு கூறுவதால், மாறுபட்ட விடையெல்லாம் சரி என்று நாம் சொல்லவில்லை. ‘எனக்கு அப்படித் தோன்றியது’ என்பது காரணம் ஆகாது. மற்ற மூன்றுக்கும் பொதுவாயிருந்து, நான்காவதற்கு மட்டும் இல்லாத ஒன்றை எடுத்துக்காட்ட வேண்டும். அதனைச் செய்துவிட்ட பிள்ளைக்கு மதிப்பெண் மறுப்பது அநீதி என்பதே நம் கருத்து.

ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன்பின் வகுப்பறை மதிப்பீடு முன்னிலும் முக்கியத்துவம் பெற்றுள்ளது. விடைத்தாளைப் படிக்கும் இயந்திரத்திற்குக் காது இல்லை, ஆசிரியருக்கு உண்டு. ஆகவே, கோடிடுமுன் ‘ஏன் இவ்வாறு எழுதினாய்?’ என்று ஆசிரியர்கள் கேட்க வேண்டுகிறோம். பெற்றோரும் பிரம்பைத் தேடுமுன் இதே வினாவைக் கேட்கலாம். இதற்குப் பெரும் படிப்புத் தேவையில்லை. ரப்பரையும் செம்பனையையும் பற்றிய வினாவாயின், தாளைத் திருத்தியவரைவிடப் பால்வெட்டும் தாயே தக்க நடுவராதலும் கூடும்.

மாணவர்க்கு ஒரு சொல். தேர்வு மண்டபத்தில் வினாவோடு வாதிட்டுக் காலத்தை இழக்காதீர். வினா எழுதியவர் எண்ணியிருக்கக்கூடிய விடையைக் குறித்துவிட்டு அடுத்ததற்குச் செல்க. வெளியே வந்ததும் அவ்வினாவையும் உங்கள் காரணத்தையும் ஒரு தாளில் எழுதி, வகுப்பாசிரியரிடம் பணிவோடு காட்டுக.